‘கல்ப் டவுன்’: ஒரே மடக்கில் விளங்கும் சொல்

‘கல்ப் டவுன்’ என்றால் என்ன? ‘விழுங்குதல்’ எண்டு எழுதினால் சோதனையில் புள்ளி கிடைக்கலாம். ஆனால் சொல் விளங்கிவிட்டதா? குளிசையையும்தானே விழுங்குகிறோம். அதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்வலோ’ போதும்.

‘கல்ப்’ சத்தத்திலிருந்து பிறந்த சொல். தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் அதற்குள்ளேயே இருக்கிறது. எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கே: ‘மடக்கு மடக்கெண்டு’. கூட வரும் ‘டவுன்’ சும்மா ஒட்டிக்கொண்டு வரவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கி முடிந்துவிட்டது என்று சொல்வது அதுதான். தமிழில் இந்த வேலையை ‘முடி’, ‘விடு’ போன்ற துணைவினைகள் செய்யும். ஆக, ‘மடக்கு மடக்கெண்டு குடிச்சு முடிச்சான்’ என்றால் தாகம், அவசரம், சத்தம், முடிவு நாலும் வந்துவிடும்.

காற்றுக்கும் இதே வினைதான். தண்ணிக்குள் முங்கி எழும்பினவன் காற்றை ‘கல்ப் டவுன்’ பண்ணுவான். இங்கே ‘விழுங்கினான்’ எண்டால் சிரிப்புத்தான் வரும். ‘ஆவெண்டு மூச்சை இழுத்தான்’ என்பதே சரி. ‘டவுன்’ போய் ‘பாக்’ வந்தாலோ, வந்த அழுகையை அடக்கிக்கொண்டான் என்று பொருள் மாறிவிடும். ஒரு சின்னச் சொல் மாற, முழு ஆளுமே மாறிவிடுகிறான்!

இதையெல்லாம் எங்களுக்கு விளங்கப்படுத்தியது தமிழ்தான். ஆனால் ஆங்கில வகுப்புகளில் நாங்கள் அடிக்கடி கேட்பது, ‘தமிழில யோசிக்காதீங்கோ’ என்பதைத்தான். எங்கள் கருத்து நேர் எதிர். பிழை தமிழில் யோசிப்பதில் இல்லை, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பாடமாக்குவதில்தான் இருக்கிறது. ஆர் குடிக்கிறான், எவ்வளவு அவசரத்தில், ஆரோடு கதைக்கும்போது இப்படிச் சொல்லலாம் என்று கேட்டுப் பழகவேண்டும். நண்பனுக்குச் சொல்ல ‘கல்ப் டவுன்’ நல்ல சொல், ஆய்வுக்கட்டுரைக்குப் பொருந்தாது. அந்த வித்தியாசம் பட்டியலைப் பாடமாக்கி வராது.

சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பார்கள். வாள் என்று அர்த்தம். தமிழ் மாணவர்களையும் அது வெட்டாமல் விட்டதில்லை. கலைப்பீட வகுப்புகளில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பவர்கள் கனபேர். வகுப்புக்குள் தமிழையும் விடுங்கள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு இருக்கும் பிள்ளைகள் முதலில் வாயைத் திறக்கட்டும்.