மாத்திரைத் தாயத்து

கையில் தாயத்துக் கட்டியவனைக் கண்டால் நாம் சிரிக்கின்றோம். ஆனால் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மூக்கடைத்து முகம் கனத்த மறுநாளே மருந்துக் கடைக்கு ஓடி, "சைனஸ், நல்ல ஆண்டிபயாடிக்காகக் கொடு" என்று தாமே கேட்டு வாங்கி விழுங்கும் படித்த கனவான்களைக் கண்டு ஏன் சிரிப்பதில்லை?

சங்கதி என்னவென்றால், ஜலதோஷத்தை ஒட்டி வரும் சைனஸ் தொல்லையில் மிகப் பெரும்பாகம் வைரஸினால் வருவது. ஆண்டிபயாடிக் கொல்லுவதோ பாக்டீரியாவை. வைரஸை அது தொடவே தொடாது. அத்தொல்லை மாத்திரை தின்றாலும் தின்னாவிட்டாலும் 7, 10 நாளில் பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் மூன்றாம் நாள் மாத்திரை தின்றவன் எட்டாம் நாள் மாத்திரையைப் புகழ்கிறான். அதே மூன்றாம் நாள் வேப்பிலை அடித்துக் கொண்டவன் பூசாரியைப் புகழ்கிறான். இவ்விருவர் புத்திக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். வேப்பிலையாவது வயிற்றைக் கெடுப்பதில்லை! சளி மஞ்சளாகிவிட்டதே என்பார்கள். அது நம் வெள்ளணுக்கள் போராடுவதற்கு அடையாளமேயொழிய பாக்டீரியாவுக்குச் சாட்சியல்ல.

நாம் மருந்துக்கு விரோதிகளல்ல. 10 நாள் கடந்தும் குறையாவிட்டாலும், குறைந்தது மறுபடி அதிகமானாலும், 102 டிகிரிக் காய்ச்சலும் முகவலியும் 3, 4 நாள் விடாதிருந்தாலும் டாக்டரிடம் போகவேண்டியதே. கண் வீங்கினால், பார்வை மங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அப்போது டாக்டர் எழுதும் ஆண்டிபயாடிக்கைத் தின்னாமல் சாம்பிராணி போட்டுக் கொண்டிருப்பதும் அதே மடமைதான்.

நிற்க, "என் மூக்கு, என் காசு" என்று இதில் சொல்ல முடியுமா? தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினம் ஏறி இறங்குகிறவர்களே, அந்தப் பெயர் எப்படி வந்தது? 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். அன்று காசத்தின் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. காற்றும் வெயிலும் ஓய்வுமே வைத்தியம். அதே 1928-இல்தான் லண்டனில் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். அளவுக்குக் குறைத்துத் தின்றால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று 1945-இல் நோபல் பரிசுப் பேச்சிலேயே அவர் எச்சரித்தும் விட்டார். இன்று, முதல் மருந்துகளுக்கு மசியாத காசத்துக்கு டாக்டர்கள் நம்பியிருக்கும் மருந்துகளில் லெவோபிளாக்சசின் ஒன்று. சைனஸ் என்று சொல்லி அதையும் வாங்கி விழுங்குகிறார்கள்! விழுங்குகிறவனுக்குள் காசம் மறைந்திருந்தால் இருமல் சில நாள் அடங்கும். நோய் வெளிப்படத் தாமதமாகும். கிருமியோ அம்மருந்துக்குப் பழகி, பக்கத்தில் இருப்பவனுக்கும் அப்படியே தொற்றும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் இம்மருந்து எச்1 பட்டியலில் உள்ளது. சீட்டின்றி விற்கக் கூடாது. டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் புத்தகத்தில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். மருந்துக் கடைத் தோழர்களே, அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுகிறீர்களா?