மலையைப் படிக்காத ஊர்

"மழை இல்லீங்க, அதான் நொய்யல் கெட்டுப் போச்சு." திருப்பூரில் இந்த வசனத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. பழியை மேகத்தின் மேல் போட்டால் வேலை முடிந்தது. மேகம் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லாதே!

இந்த ஊருக்கு எவ்வளவு மழை என்பதை மலை எப்போதோ முடிவு செய்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, பெரும்பாலான மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. வால்பாறை பக்கத்துச் சின்னக்கல்லாறில் வருஷத்துக்கு 3000 மி.மீ.க்கு மேல் பெய்யும். மலையிறங்கி கோவை, திருப்பூர் சமவெளிக்கு வந்தால் சுமார் 600, 700 மி.மீ. தான். 'மழை மறைவுப் பிரதேசம்' என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே, அதுதான் இது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆடி மாதம் அந்த வழியாகத் திருப்பூர் வரை வருவது பெரும்பாலும் வெறும் காற்று. அதைப் புரிந்துகொண்டவர்கள் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலை நட்டார்கள். காங்கயத்து விவசாயி அதற்கும் முன்பே புரிந்துகொண்டு, கொறங்காடு வைத்து மாடு வளர்த்தார். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது.

புரிந்துகொள்ள மறுத்தது சாயத் தொழில்தான். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து சுமார் 180 கி.மீ. ஓடி காவிரியில் சேரும் ஆறு. மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம், மற்ற நாளில் மணல். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, வெயிலில் ஆவியாகவும் ஆகாது. அடித்துக்கொண்டு போக ஆற்றில் தண்ணீரும் இல்லை. எங்கே போகும்? நிலத்துக்கும் கிணற்றுக்கும்தான்! பாசனத்துக்காக 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சினார்கள்.

"பட்டறை இல்லாமல் சோறு ஏது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். லட்சக்கணக்கான பேர் பிழைக்கும் ஊர். ஆனால் அந்தச் சோற்றுக்கு ஆற்றின் கீழ்ப்பக்கத்து விவசாயி ஏன் தன் காட்டைக் கொடுக்க வேண்டும்? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே அழிந்தது என்றார்கள். பிறகு என்ன நடந்தது? கழிவைச் சுத்திகரித்து அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. செலவு கூடியது, சின்னப் பட்டறைகள் பல எழுந்திருக்கவே இல்லை. அது பெரிய இழப்புதான். ஆனாலும் பனியன் ஏற்றுமதி அழியவில்லை, வளர்ந்தது. இதை 20 வருஷம் முன்பே செய்திருந்தால் அணையும் பிழைத்திருக்கும், கிணறுகளும் பிழைத்திருக்கும்.

அடுத்த தொழிற்பேட்டைக்கு இடம் பார்ப்பவர்கள் நிலத்தின் விலையைக் கேட்கும் முன் மூன்று கேள்வி கேட்கட்டும். இங்கே எவ்வளவு மழை? ஆறு வருஷத்தில் எத்தனை நாள் ஓடும்? கழிவில் இருக்கும் உப்பு எங்கே போகும்? பதில் பூகோளப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. திறந்து பார்த்தால் போதும்.