கூண்டில் ஏறாத வீரர்கள்!

தோழரே!

திண்டுக்கல் சீமையில் உள்ள ஆத்தூருக்குச் சென்றிருந்தேன். கீழ்ப் பழனி மலையின் அடிவாரம். காமராசர் நீர்த்தேக்கத்தின் குளிர்காற்று. தென்னை நிழலில் ஒரு தேநீர்க் கடை. அங்கே நாலைந்து இளைஞர்கள் கடுமையான வாதப்போரில் இருந்தனர்.

"அவன் கொலைகாரனாக இருக்க முடியாது! அந்த நேரத்தில் அவன் ஊரிலேயே இல்லை!" என்றான் ஒருவன்.

"இல்லை என்று சொன்னது யார்? அவனேதானே! அவன் சொல்லுக்குச் சாட்சி எங்கே?" என்று மடக்கினான் மற்றவன்.

எந்த ஊரில் எந்தக் கொலையோ என்று பதறிக் கேட்டேன். சிரித்தார்கள். தொலைக்காட்சித் தொடராம்! துப்பறியும் கதையாம்! அதில் வரும் மாந்தரைப் பற்றித்தான் அத்தனை ஆவேசம்!

உடன் வந்த இயக்கத் தோழர் முகம் சுளித்தார். "வேலையில்லை, விலைவாசி ஏறுகிறது, இவர்களோ இல்லாத பிணத்துக்கு நீதி கேட்கிறார்கள்!" என்றார். நம்மவர் பலருக்கும் இந்தச் சுளிப்பு உண்டு. தோழரே, உமக்கும் இருக்கலாம். நான் அதை ஏற்கவில்லை.

ஏன் என்கிறீரா? "சாட்சி எங்கே?" என்று கேட்டானே அந்த இளைஞன், அது பகுத்தறிவின் முதற் கேள்வியல்லவா? 1990-களின் பிற்பாதியில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' வீடுதோறும் ஓடியபோது, தண்டிப்பது தெய்வமா, மனிதனா என்று திண்ணைகளெல்லாம் வழக்காடினவே! சாமி என்று சொன்னால் கைகூப்பிவிட்டு நகரும் ஊரில், "அது மனிதன் வேலையாக இருந்தால்?" என்று பாட்டியும் பேரனும் ஐயுற்றார்களே, அது வீண்பொழுதா? விவாதிக்கும் மக்களைக் கண்டு வெறுப்பவன் ஆதிக்கக்காரன். நாம் வெறுக்கலாமா?

மேலும், நாம் யார்? மேடையாலும் திரையாலும் வளர்ந்த அரசியலின் மண் இது! 1949-இல் 'வேலைக்காரி', 1952-இல் 'பராசக்தி'. அவற்றின் நீதிமன்றக் காட்சிகளைப் பற்றி முடிதிருத்தும் நிலையத்திலும் மூட்டை தூக்கும் இடத்திலும் மக்கள் பேசியதை மறந்துவிட்டு, இன்று பேசும் பிள்ளைகளைப் பழிப்பது, ஏறிவந்த ஏணியை எட்டி உதைப்பதாகும்.

ஆனால் தோழரே, இங்கேதான் நான் குற்றச்சாட்டைப் படிக்கத் தொடங்குகிறேன். குற்றவாளி அந்த இளைஞர்களல்லர். அவர்களுக்கு விற்கப்படும் சரக்கு!

'பராசக்தி'யின் குணசேகரன் என்ன செய்தான்? குற்றம் சாட்டப்பட்டவனாகக் கூண்டில் ஏறி நின்றான். நின்று, தன்னை அந்நிலைக்குத் தள்ளிய சமுதாயத்தையே கூண்டில் ஏற்றினான். அவன் ஆயுதம் சொல்; அவன் நீதிபதி மக்கள். இன்றைய துப்பறியும் தொடர்கள் பலவற்றில் வரும் வீரன் கூண்டின் பக்கமே போவதில்லை. சட்டை கிழிய அடிக்கிறான், அடிபட்டவன் உண்மையைக் கக்குகிறான், கதை முடிகிறது. பறக்கும் வீரனோ சட்டத்துக்கும் மேலே பறக்கிறான். 1997-இல் தூர்தர்ஷனில் தோன்றிய 'சக்திமான்' முதல் இன்றைய கடல்கடந்த முகமூடிகள் வரை பாடம் ஒன்றே: நீ காத்திரு, ஒருவன் வருவான்!

"நம் வீட்டிலும் முகமூடி இருந்ததே! 1954-இல் 'மலைக்கள்ளன்' வரவில்லையா?" என்று கேட்பீர். வந்தான், நாமும் கைதட்டினோம். ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதால்தான் சொல்கிறேன்: அந்தக் கைதட்டலின் விலை இன்று கூடிவிட்டது.

விலை என்ன? 2019 டிசம்பர் 6. ஐதராபாத் அருகே, பெண் மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றனர். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. மக்கள் என்ன செய்தனர்? காவலர்மீது மலர் தூவினர்! உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டனர் என்று 2022-இல் அறிக்கை தந்தது. அறிக்கை வந்த நாளில், தூவிய மலரைத் திரும்பப் பொறுக்கியவர் உண்டா?

2020 ஜூன். சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்தார்கள் என்று குற்றம் சாட்டிக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் பிணமானார்கள். 2025 ஜூன். மடப்புரம். நகை காணவில்லை என்ற புகார். விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி உயிரோடு வீடு திரும்பவில்லை. திரையிலே நாம் ரசித்த அடி இதுதான், தோழரே! திரையில் அடிபடுபவன் குற்றவாளி என்று நமக்கு முன்பே காட்டிவிடுகிறார்கள். அதனால் கை தட்டுகிறோம். காவல் நிலையத்தின் சுவருக்குள்ளே யார் அதைக் காட்டுவது?

காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம், தந்தவனுக்கு எதிரான சாட்சியாகாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் வெள்ளையன் எழுதிய விதி. 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் நிற்கிற விதி. அடித்தால் எவனும் எதையும் ஒப்புவான் என்பது அந்நிய ஆட்சிக்கும் தெரிந்திருந்தது. கைதானவனை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று நம் அரசியல் சட்டம் சொல்கிறது. தொடர் பார்க்கும் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? வில்லன் வந்த வண்டியின் நிறம் தெரிகிறது. தன் மகனைக் காக்கும் சட்டம் தெரியவில்லை!

எல்லாத் தொடரும் இப்படியா? இல்லை. 2022-இல் வந்த 'சுழ'லில் சிமெண்டு ஆலை உண்டு, வேலைநிறுத்தம் உண்டு, தொழிற்சங்கத் தலைவர் உண்டு, ஆலையில் தீயும் உண்டு. காணாமற்போன பெண் எங்கே என்று நாடே பேசியது. நன்று, பேசட்டும்! ஆனால், ஆலை எரிந்ததே, அங்கே உழைத்தவன் வீட்டு உலை என்னாயிற்று என்று கேட்ட வாய்கள் எத்தனை? கதை இடம் கொடுத்தும் நாம் கேட்கவில்லையென்றால், பழி கதையின்மீது மட்டுமா?

சாத்தான்குளத்தில் உண்மை வெளிவரப் பறக்கும் வீரன் எவனும் வரவில்லை. அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், தாம் கண்டதை நடுவரிடம் சொன்னார். அவருக்கு முகமூடி இல்லை. மாய சக்தி இல்லை. அஞ்சத்தக்க இடத்தில் அஞ்சாது சொன்ன சொல் இருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கெடுத்தது. வீரம் என்றால் இது!

ஆகவே தோழரே, அந்தத் தேநீர்க் கடையை விட்டு விலகாதீர், உட்காரும். நான் உட்கார்ந்தேன். ஒன்று கேட்டேன்: "தம்பி, உங்கள் கதையில் முதலில் ஒருவனை அடித்தார்களே, அவன் குற்றமற்றவன் என்று பிறகு தெரிந்ததல்லவா? அவனுக்கு நீதி எந்தப் பகுதியில் வருகிறது?"

சற்று நேரம் தேநீர் ஆறியது. பிறகு, "வரவே இல்லைங்க" என்றான், "சாட்சி எங்கே?" என்று கேட்ட அதே இளைஞன். "அவனை அடிக்கும்போது நான் விசில் அடிச்சேன்" என்று தலை குனிந்தான்.

மீண்டும் வாதம் மூண்டது. இம்முறை கொலைகாரனைப் பற்றியல்ல; விசிலைப் பற்றி! நான் பேருந்து ஏறும்வரை அது ஓயவில்லை.

அந்த வாதத்தை ஊர்தோறும் மூட்டுவீராக!