‘வயசாகிவிட்டது’ என்றொரு வியாதி

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரிய மனிதர் தம் தாயாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த அம்மாளுக்கு எழுபத்தேழு வயது. ஒரு வருஷமாக எல்லாம் மறந்துபோகிறதாம். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாராம். போதாக்குறைக்குச் சிறுநீர் அடங்குவதில்லையாம். டாக்டர், மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

“இந்த வயசில் மூளையைப் படம் பிடித்து என்ன ஆகப் போகிறது? மறதிக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் தெரியும், அவ்வளவுதானே! வயசானால் எல்லாருக்கும் இப்படித்தான்” என்றார் அவர். சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கல்யாண வீட்டில் வாக்குவாதம் செய்யக் கூடாது என்ற நாகரிகத்தினால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நாகரிகத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதானே முழுப் பொய்யைவிட ஆபத்தானது? பெயர் தெரிந்துவிட்டால் எல்லாம் குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், மறதி என்பது ஒரு வியாதியின் பெயரல்ல. காய்ச்சல் எப்படி ஒரு வியாதியின் பெயரல்லவோ அப்படி. டைபாய்டிலும் உடம்பு சுடுகிறது, மலேரியாவிலும் சுடுகிறது. அதற்காக இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் டாக்டரிடம் நம் பிள்ளையைக் கொண்டு போவோமா? பிள்ளைக்கு மாட்டோம். பெற்றவளுக்கு மட்டும் ‘வயசாகிவிட்டது’ என்ற ஒரே சீட்டை எழுதி நாமே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

எனக்கு இந்தக் கோபம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா தாலூகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்துமூன்றாம் வயதில் அவருக்குக் கூடத்து ஊஞ்சலில் குழந்தைகள் தெரிய ஆரம்பித்தார்கள். மூன்று குழந்தைகள். ஒன்றுக்குச் சிவப்புச் சட்டை என்பதுகூடத் தெளிவாகத் தெரியும் அவருக்கு. பயப்படவில்லை, “அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சாதம் போட்டீர்களா?” என்று மட்டும் கேட்பார். இராத்திரியில் தூக்கத்திலேயே கையை வீசிக் கத்துவார். ஒரு நாள் பத்திரிகையை வரி விடாமல் படித்து அரசியல் பேசுவார். மறுநாள் சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாமல் விழிப்பார். நடையும் சிறுத்துப் போயிற்று.

ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ‘வயோதிக மறதி, கூடவே மனப்பிரமை’ என்றார்கள். படம் ஒன்றும் எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிரமையை அடக்க ஹாலோபெரிடால் என்ற மருந்தை ஊசியாகப் போட்டார்கள். மறுநாள் பெரியப்பா கட்டை மாதிரி கிடந்தார். கை மடங்கவில்லை, விழுங்க முடியவில்லை, கண் மட்டும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. மூன்று வாரம் அப்படி. ‘காலம் நெருங்கிவிட்டது’ என்று உறவினர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பட்டணத்திலிருந்த ஒரு நரம்பு வைத்திய நிபுணர்தாம் அந்த ஊசியை நிறுத்தச் சொன்னார். ஊஞ்சல் குழந்தைகளைப் பற்றி அரைமணி நேரம் பெரியம்மாவிடம் கேட்டார். பிறகுதான் படம். முதலில் எம்.ஆர்.ஐ. அதில், நினைவைக் காக்கும் இடமான, கடற்குதிரை போன்ற ஒரு சின்ன உறுப்பு அவ்வளவாகச் சுருங்கவில்லை என்று காட்டினார். அல்ஸைமர் வியாதியில் அதுதான் முதலில் சுருங்குமாம். அடுத்து, டோபமைன் என்ற ரசாயனத்தைக் கையாளும் நரம்பு முனைகளைக் காட்டும் இன்னொரு படம். நல்ல மூளையில் அது இரண்டு காற்புள்ளிகளைப் போல ஒளிரும். பெரியப்பாவின் படத்தில் இரண்டு முற்றுப்புள்ளிகள்தாம் இருந்தன. வால் அணைந்து போயிருந்தது. எழுத்தாளன் ஒருவனுக்கு இதைவிட விளக்கமாக யார் சொல்ல முடியும்?

லூயி உறுப்பு மறதி நோய் என்று அதற்குப் பெயர். பிரெடரிக் லூயி என்ற ஜெர்மானியர் 1912-ல் கண்ட நுண்ணிய உருண்டைகள் மூளையின் உயிரணுக்களுக்குள் சேர்வதால் வருவது. ஜப்பானில் கென்ஜி கொஸாகா 1976 முதல் எழுதியவற்றால்தான் இது தனி வியாதியென்று உலகத்துக்கு உறைத்தது. இந்த நோயாளிகளில் பலருக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்து விஷத்துக்குச் சமானம். இது 1992-லேயே இங்கிலாந்தில் எழுதி எச்சரிக்கப்பட்ட சமாசாரம்! ஆக, ஒரு பெயர் தெரியாததனால் என் பெரியப்பாவை நாங்களே பணம் கொடுத்துக் கட்டையாக்கினோம்.

மருந்து மாறியது. குணமாகவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எழுந்து உட்கார்ந்தார். குழந்தைகள் ஊஞ்சலுக்கு வருவது குறைந்தது. இன்னும் இரண்டு வருஷம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ‘என்ன ஆகப் போகிறது?’ என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றுமில்லையா?

ஒரு காலத்தில் வியாதி இன்னதென்று தெரிய வேண்டுமானால் நோயாளி சாக வேண்டியிருந்தது. பிராங்பர்ட் மனநோய் ஆஸ்பத்திரியில் 1901-ல் சேர்ந்த அகஸ்தே டேட்டர் என்ற ஐம்பத்தோரு வயதுப் பெண்ணை அலாய்ஸ் அல்ஸைமர் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குறித்து வைத்தார். அவள் 1906-ல் இறந்த பிறகு மூளையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் விடை கண்டார். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டன் புறநகரிலிருந்த ஆட்கின்ஸன் மார்லி ஆஸ்பத்திரியில், ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இஞ்சினீயரின் யந்திரம் உயிரோடிருந்த ஒரு பெண்ணின் மண்டைக்குள்ளே கத்தியில்லாமல் பார்த்தது. அவருக்கு 1979-ல் நோபல் பரிசு. இன்றோ, சர்க்கரையோடு துளி கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசி போட்டு, மூளையில் எந்தப் பகுதி தீனி தின்னாமல் பட்டினி கிடக்கிறது என்று பார்க்கிறார்கள். பெட் ஸ்கேன் என்பது இதுதான். அல்ஸைமரில் பொட்டுக்குப் பின்புறமும் உச்சிக்குப் பின்புறமும் மங்கும். லூயி நோயில் பார்வைக்கு உரிய பின்மண்டை மங்கும். ஊஞ்சலில் குழந்தைகள் உட்காருவது அந்த மங்கலில்தானோ என்னவோ!

நெற்றிப்புறம் மங்கும் வகை ஒன்று உண்டு. அதுதான் மிகக் கொடுமையானது. ஐம்பது வயதிலேயே வரும். மறதி அவ்வளவாக இராது. குணம் மாறிவிடும். வாழ்நாளெல்லாம் மரியாதையாக இருந்த மனிதர் சபையில் ஆபாசம் பேசுவார்; மனைவி அழுதாலும் கண்டுகொள்ளாமல் தின்றுகொண்டிருப்பார். ஊர் என்ன சொல்லும்? ‘கெட்ட சகவாசம்’ என்கும். மனைவி, இத்தனை நாளும் வேஷம் போட்டிருக்கிறார் என்று நினைப்பாள். படத்தில் நெற்றிப்பகுதி சுருங்கியிருப்பதைப் பார்க்கிற அன்றுதான், தன் புருஷன் தன்னை வெறுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் கதை எழுதுகிறவர்களும் கூண்டில் ஏற வேண்டும். நான்தான் முதல் குற்றவாளி. என் கதைகளில் எத்தனை கிழவர்கள்! எல்லாரும் ஒரே அச்சு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுவார்கள், வாசகர்கள் சிரிப்பார்கள். யாருக்கு என்ன வியாதி என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இனி, எதிர்ப்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. படத்தை ஜாதகம்போல விற்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் நாற்பது வயதுக்காரரைப் பிடித்து ஸ்கேனில் படுக்க வைக்கிறார்கள். அல்ஸைமருக்கு அடையாளமான அமிலாய்ட் படிவு, நினைவு சிதறாத பல முதியவர்களின் மூளையிலும் உண்டு. எண்பதைக் கடந்தவர்களுக்கு இரண்டு மூன்று வியாதிகள் கலந்தே இருக்கும். நோயாளியைப் பாராமல் படத்தை மட்டும் பார்ப்பவர் வைத்தியரல்ல. எங்கள் நிபுணர் ஊஞ்சலைப் பற்றி முதலில் கேட்டார். படத்தை அப்புறம் பார்த்தார்.

செலவு என்பார்கள். ஏழைகள் சொன்னால் தலை குனிகிறேன். அது சர்க்கார் கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் ஏழைகளல்ல. தவிர, விலை உயர்ந்த படமெல்லாம் எல்லாருக்கும் தேவையில்லை. என்றோ தலையில் இடித்துக்கொண்டு மறந்துபோன ஒரு கிழவரின் மண்டையோட்டுக்கடியில் ரத்தம் கட்டியிருப்பதைச் சாதாரண சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். அதை வடித்துவிட்டால், ‘புத்தி பேதலித்தவர்’ மறுபடி கணக்கு எழுத உட்காருவதும் உண்டு.

இன்னொன்றையும் காட்டும். மூளைக்குள்ளிருக்கும் நீர் அறைகள் வீங்கிப் போகிற வியாதி. கொலம்பியா தேசத்து ஸாலமோன் ஹக்கீம் 1965-ல் விளக்கியது. தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் தேய்கிற நடை, அடங்காத சிறுநீர், மறதி: இம்மூன்றும்தான் அதன் லட்சணம். சிறிய குழாய் ஒன்றை வைத்து நீரை வயிற்றுக்குள் வடியவிட்டால், எல்லாருக்கும் இல்லாவிட்டாலும், பலருக்கு நடை திரும்புகிறது. சிலருக்குப் புத்தியும் தெளிகிறது. காலதாமதம் ஆக ஆகப் பலன் குறையும்.

கல்யாண வீட்டுப் பெரிய மனிதருக்கு இதை விவரமாகக் கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறார். தை மாதம் அவருடைய தகப்பனாருக்குச் சதாபிஷேகமாம். பந்தல்காரருக்கும் நாதஸ்வரத்துக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது; அம்மாவை நாற்காலியில் தூக்கிவந்து மணையில் உட்கார்த்திவிடலாம்; ஸ்கேன் விஷயத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். என்னைக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறார்.