ஐடிலிங் ஏற்றிவிட்டால் வண்டி சரியாகிவிடுமா?

சிக்னலில் சிவப்பு விழுகிறது. ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மிதித்து, பிரேக் பிடிக்கிறார். மீட்டர் முள் விறுவிறுவென்று இறங்குகிறது. எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துபோகிறது. பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. சில வருடம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிப்போன காட்சி.

மறுநாள் மெக்கானிக் கடை. பானட்டைத் திறந்து, திருப்புளியால் ஒரு ஸ்குரூவை அரைச் சுற்று திருப்புகிறார். "ஐடிலிங் ஏத்தி விட்டிருக்கேன் சார், இனிமே ஆஃப் ஆகாது." ஐந்து நிமிட வேலை, செலவும் குறைவு, வண்டியும் நிற்பதில்லை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இருக்கிறது. காய்ச்சலில் நடுங்குகிறவனுக்குப் போர்வை போர்த்திவிட்டு, குணமாகிவிட்டது என்று அனுப்பிவைக்கிற கதைதான் இது.

ஏர் ஃபில்டருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருப்பது த்ராட்டில் பாடி. அதற்குள் வட்டமான ஒரு தகடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் ஏறக்குறைய முழுசாக மூடிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சினுக்குக் காற்று கிடைப்பது தகட்டின் ஓரத்தில் இருக்கும் மயிரிழை இடைவெளியிலும், சில வண்டிகளில் பக்கத்தில் உள்ள ஒரு குட்டி வழியிலும்தான். சூடான எஞ்சின் இந்தக் கொஞ்சக் காற்றில் சுமார் 650 முதல் 850 ஆர்.பி.எம். வரை சுற்ற வேண்டும்.

ஏர் ஃபில்டரை ஒழுங்காக மாற்றுகிறவர் வண்டியிலும் இங்கே அழுக்குப் படியும். காரணம், அழுக்கு வருவது உள்ளேயிருந்து. எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் எண்ணெய்ப் புகையை வெளியே விடாமல், எரித்துவிடுவதற்காக இன்டேக்குக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அந்த எண்ணெய் தகட்டின் ஓரத்தில் தார் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் தகடு அகலத் திறந்திருப்பதால் ஒன்றும் தெரியாது. மயிரிழை இடைவெளிக்கு வரும்போதுதான் மூச்சு முட்டுகிறது. "ரோட்ல பறக்குது, சிக்னல்ல சாகுது" என்று புலம்புகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

ஸ்குரூ திருப்புகிற மெக்கானிக்கைக் கேலி செய்வதும் நியாயமில்லை. 1983-ல் மாருதி 800 வந்தபோது அதில் இருந்தது கார்ப்பரேட்டர். அதில் ஐடிலிங் ஸ்குரூ இருந்ததே திருப்பத்தான். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே சரியான இடத்தில் நிறுத்திய கைகள் அவை (அந்தக் காது இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்). 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினோடு வந்தது. பிற்பாடு மாருதி 800-ம் அந்த வழிக்கே வந்தது. வண்டி மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை.

இப்போதைய த்ராட்டில் பாடியில் கண்ணுக்குத் தெரியும் ஸ்குரூ பெரும்பாலும் தகடு எதுவரை மூட வேண்டும் என்பதற்கு ஃபேக்டரியில் வைத்த எல்லை. அதன் மேல் பெயிண்ட் கூடத் தடவியிருப்பார்கள். அதைத் திருப்பினால் சென்சார் சொல்லும் கணக்கு தப்பிப்போகும். கால் எடுத்தாயிற்றா இல்லையா என்றே கம்ப்யூட்டருக்குக் குழம்பும். ஐடிலிங் ஏறிக் கிடப்பதால் பெட்ரோல் வீண். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பிரேக்கை மீறி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். (பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் சிலவற்றில் ஐடிலிங்குக்கென்றே காற்று ஸ்குரூ உண்டு. அதையும் சுத்தம் செய்த பிறகு மேனுவலைப் பார்த்துத்தான் தொட வேண்டும்.)

செய்ய வேண்டியது அழுக்கை எடுப்பது. சாவியைக் கழற்றிவிட்டு, ஹோஸை எடுத்து, த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரை நூல் உதிராத துணியில் நனைத்து, தகட்டின் இரண்டு பக்கமும் ஓரமும் துடைக்க வேண்டும். கத்தி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். சில வண்டிகளில் உள்ளே மெல்லிய பூச்சு இருக்கும், அது போனால் போனதுதான். மோட்டாரால் இயங்கும் தகட்டை விரலால் அழுத்தித் திறப்பதும் ஆபத்து, உள்ளே குட்டிப் பல்சக்கரங்கள் இருக்கின்றன.

இதன் பிறகுதான் பெரிய கூத்து. சுத்தம் செய்த வண்டி 1500-ல் உறுமும்! அழுக்கை ஈடுகட்ட கம்ப்யூட்டர் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து பழகியிருக்கிறது. அழுக்கு போனதும் அதே திறப்பில் காற்று கூடுதலாகப் போகிறது. சில வண்டிகள் கொஞ்ச நேரம் ஓடினால் தானே திருத்திக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் போட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டும். இது தெரியாமல் அதே ஸ்குரூவை இந்தப் பக்கம் திருப்புகிறவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், ஒவ்வொரு சர்வீஸிலும் கேட்காமலே "த்ராட்டில் கிளீனிங்" என்று பில்லில் சேர்க்கிற கடைகள். தொந்தரவே இல்லாத வண்டிக்கு அது தேவையில்லை. ஹோஸைக் கழற்றிக் காட்டச் சொன்னால் கறுப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அணைந்துபோவதை வெறும் ஹாரன் தொல்லையாக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். எஞ்சின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் இரண்டொரு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும், ஏனெனில் அதற்கு உதவும் வேக்குவம் எஞ்சினிலிருந்து வருவது. மலைப்பாதை இறக்கத்தில், வளைவு வரும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சுத்தமும் செய்து, கற்றுக்கொடுத்தும் ஆன பிறகும் முள் ஏறி இறங்கி ஆடினால், அடுத்துப் பார்க்க வேண்டியது வெடித்த வேக்குவம் ஹோஸ், இன்டேக் காஸ்கெட். அங்கேயும் அந்தப் பெயிண்ட் தடவிய ஸ்குரூவுக்கு வேலை இல்லை.