திறந்த நிரலும் பூட்டிய கருவியும்

அன்ட்ரொயிட் திறந்தது, ஐபோன் மூடியது. ஆகவே முன்னையது சுதந்திரத்தின் பக்கம் நிற்கிறது என்பது நம் மாணவரிடையே ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டது. இதனை ஒப்புவிப்போர் தம் சட்டைப்பையிலுள்ள கையடக்கத் தொலைபேசிக்கு இறுதிப் பாதுகாப்புத் திருத்தம் எப்போது வந்தது என்பதை ஒருமுறை பார்ப்பாராக.

2015 யூலையில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' எனும் வழுக்கள் வெளிப்பட்டன. ஒரு பல்லூடகச் செய்தியை அனுப்பியே பிறர் தொலைபேசியுள் நுழைய அவை வழிவிட்டன. திருத்தம் எழுதப்பட்டது, மூலநிரலிற் சேர்க்கப்பட்டது, எவரும் அதைப் படிக்கலாம். ஆயின் அது பாவனையாளரை அடையச் சில்லு தயாரிப்போரும், தொலைபேசி தயாரிப்போரும், சில நாடுகளில் வலையமைப்புக் கம்பனிகளும் மனம்வைக்க வேண்டியிருந்தது. பழைய கருவிகள் பலவற்றுக்கு அது வந்து சேரவேயில்லை. கிணறு ஊருக்குப் பொது. துலாவும் வாளியும் மட்டும் தனியாருடையவை!

அன்ட்ரொயிட்டின் கருவான லினக்ஸ், ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் உள்ளது. நிரலைக் கொடுக்கும்படி அது கட்டாயப்படுத்துகிறது. திருத்திய நிரலை அதே கருவியில் நிறுவ இடமளிக்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. 2007 இல் வந்த மூன்றாம் பதிப்பு இவ்வோட்டையை அடைக்க முயன்றது. லினக்ஸ் கரு அதனை ஏற்கவில்லை. எனவே தயாரிப்பாளர் நிரலை வெளியிட்டுவிட்டு, கருவி விழிக்கும்போது முதலில் இயங்கும் பூட்லோடரைப் பூட்டிவைக்கலாம். கூகிளின் நடத்தையும் ஆராயத்தக்கதே. தன் செயலிகளை வேண்டிய தயாரிப்பாளர், தான் அங்கீகரியாத அன்ட்ரொயிட் வடிவங்களை விற்கலாகாதெனத் தடுத்தமை, 2018 இல் ஐரோப்பிய ஆணைக்குழு அதற்கு விதித்த 4.34 பில்லியன் யூரோ தண்டத்துக்கான காரணங்களுள் ஒன்றாகும். (2022 இல் நீதிமன்றம் அதை 4.125 பில்லியனாகக் குறைத்தது.) திறந்த மென்பொருள் என்ற பெயரைத் தாங்கியே இவையெல்லாம் நிகழ்ந்தன.

அவ்வாறாயின் மூடியதே மேல் என்பர் சிலர். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு, மறைப்பதற்கில்லை. 2013 இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 சனவரியிலும் பாதுகாப்புத் திருத்தம் கிடைத்தது. ஆயின் அதே கையே 2017 இல் மின்கலம் நலிந்த ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமற் குறைத்தது. முந்திய பதிப்புக்குத் திரும்பவும் அவர்களுக்கு வழியிருக்கவில்லை. பாவனையாளருக்கு அறிவிக்காமைக்காக 2020 இல் பிரான்சில் அப்பிள் 25 மில்லியன் யூரோ செலுத்த நேர்ந்தது. எசமானன் தயாளனாயிருப்பது வேறு; பொருளுக்குரியவனிடம் உரிமை இருப்பது வேறு.

ஆகவே திறந்ததா மூடியதா என்ற பட்டிமன்றத்தைச் சற்று ஒத்திவைப்போம். விலைகூடிய சில மாதிரிகளுக்கு இன்று ஏழாண்டு இற்றைப்படுத்தல் வாக்களிக்கப்படுகிறது, நன்று. மலிவான தொலைபேசி வாங்கியவன் செய்வதென்ன? ஒரு கம்பனி இற்றைப்படுத்தலை நிறுத்தும் நாளிலேயே பூட்லோடரின் திறவுகோலையும், சில்லுகளை இயக்கும் நிரல்களையும் வெளியிட வேண்டுமெனச் சட்டம் விதித்தல் வேண்டும். வர்த்தக இரகசியம் என்பர். தாமே கைவிட்ட பொருளில் எந்த இரகசியத்தைக் காக்கின்றனர்? பூட்டுத் திறபட்ட கருவிகள் பலவற்றை, தயாரித்தவர் கைகழுவிய பின்னரும், லினியேஜ் ஓஎஸ் தொண்டர்கள் ஊதியமின்றி இயங்கவைத்து வருகின்றனர்.