கதிரையைக் கழற்றினவை கணக்குச் சொல்லட்டும்

"பனிச்சறுக்கு பணக்காரன்ர விளையாட்டு. பனி உருகினா மூடிட்டுப் போகட்டும். எங்களுக்கென்ன?"

காலநிலை மாற்றம் பற்றி எங்கட வாசிப்பு வட்டத்தில் கதைச்சுக்கொண்டிருந்தபோது ஒரு தோழர் இப்படிச் சொன்னார். எல்லாரும் சிரிச்சம். நாங்களும்தான். பனியைக் கையால் தொட்டவர்கள் எங்களில் ஒருத்தரும் இல்லை. நுவரெலியாவில் விடியப்புறம் புல்லில் உறைஞ்சு கிடக்கும் வெள்ளைதான் எங்களுக்குத் தெரிந்த ஆகக்கூடின பனி. ஆனாலும் அந்தச் சிரிப்பு சோம்பேறிச் சிரிப்பு என்பதுதான் இப்போது எங்கள் கட்சி. ஏன் எண்டு சொல்லுறம்.

தோழர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. ஆட்களை மலைக்கு ஏற்றும் தொங்கு கதிரை பணக்காரருக்காகவே பிறந்தது. 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சன் வலி என்ற இடத்தில், யூனியன் பசிபிக் ரயில் கம்பனி அதை முதன்முதலாக ஓட்டியது. கம்பனித் தலைவர் அவெரல் ஹரிமனுக்கு ரயிலில் ஆட்களை நிரப்ப வேண்டியிருந்தது. அதற்காக ஒரு சொகுசு விடுதியையும் பனிமலையையும் உருவாக்கினார். வடிவமைத்தவர் ஜிம் கரன் என்ற பொறியியலாளர். வெப்ப நாடுகளில் கொக்கிகளில் வாழைக்குலைகளை மாட்டிக் கப்பலுக்கு ஏற்றும் ஓடுகயிற்றை அவர் அறிந்திருந்தார். கொக்கி இருந்த இடத்தில் கதிரையைப் போட்டார், அவ்வளவுதான். லொறியின் பக்கத்தில் ஒரு கதிரையைத் தொங்கவிட்டு, நிற்கிற ஆட்களை ஓட ஓட அள்ளிப் பார்த்தே எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் எண்டு பரிசோதித்தார்கள். வாழைத்தோட்டத்துக் கூலியின் தோள்பாரத்துக்கு வந்த பொறி, கோடீஸ்வரரின் பின்புறத்தைத் தாங்கப் போன கதை. இதுக்குச் சிரிக்கலாம்.

ஆனால் பொறி அங்கேயே நிக்கவில்லை. 1961இல் அது ஸ்கொட்லாந்தின் கெயார்ன்கோர்ம் மலைக்கு வந்தது. அது சுவிற்சர்லாந்து மாதிரி இடமில்லை. காத்தும் மழையும் ஈரப்பனியும் கலந்த மலை. கீழே அவிமோர் எண்ட சின்ன ஊர். வார இறுதியில் கிளாஸ்கோவிலிருந்தும் எடின்பரோவிலிருந்தும் பஸ் பிடிச்சு வந்த சாதாரண சனமும் அதில் ஏறியது. கோடையில் வயசான ஆட்கள் ஏறி, மேலே இறங்கி, சிகரம்வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார்கள். விளையாட்டு பணக்காரருடையதாக இருக்கலாம். அந்த மலை அப்படி இருக்கவில்லை.

பிறகு அபிவிருத்தி வந்தது. கதிரைகள் காத்துக்கு நிக்குது எண்டார்கள். பொய்யில்லை. அந்தச் சிகரத்தில் 1986இல் பதிவான காற்று மணிக்கு 173 மைல். பிரித்தானியாவிலேயே பதிவானவற்றில் ஆகக்கூடியது அதுதான். ஆனால் அதற்குக் கண்டுபிடித்த மருந்து என்ன? கதிரைகளைக் கழற்றிப்போட்டு, கொங்கிரீட் தூண்களின் மேல் கேபிளால் இழுக்கும் ரயில். ஏறக்குறைய 2 கிலோமீற்றர். 2001 கடைசியில் திறந்தார்கள். செலவு முதலில் சொன்ன தொகையைத் தாண்டி 19.5 மில்லியன் பவுண் அளவுக்குப் போனது. பெரும்பகுதி பொதுப்பணம். கொடுத்தது ஹைலண்ட்ஸ் அன்ட் ஐலண்ட்ஸ் என்டர்பிரைஸ் என்ற அரச அபிவிருத்தி முகவரகம்.

இதில் ஒரு பகிடி இருக்கு. ரயில் கூடுதலான ஆட்களை ஏற்றும், அவர்கள் மேலேயுள்ள அரிய செடிகளை மிதிப்பார்கள் என்ற பயத்தில், கோடையில் ரயிலில் போனவர்களை வெளியே விடாமல் மறித்தார்கள். மலை உச்சிக்குக் காசு கட்டிப் போய், கண்ணாடிக்குள்ளால் பார்த்து, தேத்தண்ணி குடிச்சு, கடையில் ஏதும் வாங்கி, அதே ரயிலில் திரும்பி வரவேணும். கதிரையில் போன கிழவருக்கு இருந்த உரிமை ரயிலில் போன பேரனுக்கு இல்லை.

2018இல் தூண்களின் உறுதியில் பிரச்சினை எண்டு ரயிலை நிறுத்தினார்கள். திறந்து 17 வருஷம்கூட முடியவில்லை. அதே வருஷ நவம்பரில், மலையை நடத்திக்கொண்டிருந்த தனியார் கம்பனி வங்குரோத்து நிர்வாகத்துக்குள் போனது. மலை திரும்பவும் பொதுமக்கள் தலையில். திருத்த 25 மில்லியன் பவுண் அளவில் தேவைப்பட்டது, அதாவது கட்டினதைவிடக் கூட. முகவரகம் வழக்குப் போட்டு, சமரசத்தில் கட்டுமானத் தரப்பிடமிருந்து 11 மில்லியன் வாங்கியது. 2023 ஜனவரியில் திறந்து, ஓகஸ்டில் திரும்பப் பூட்டி, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள். அப்ப ஏன் கழற்றி எறியவில்லை? கழற்றுவதற்கும் பல மில்லியன் வேணுமாம். திருத்தினதுக்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒண்டு.

எங்கட கோபம் இந்த இடத்தில்தான். பனிச்சறுக்கோடு எங்களுக்குச் சண்டை இல்லை. பிழையெண்டு தெரிஞ்ச பிறகும் கைவிட முடியாத பொறியை ஏன் கட்டினீர்கள்? கதிரையில் ஒரு சில்லு தேய்ஞ்சால் அந்தச் சில்லை மாத்தலாம். முழுக்க வேண்டாமென்றால் கோபுரங்களை அறுத்து இரும்பாக விக்கலாம். தூணில் வெடிப்பு விழுந்த ரயிலை என்ன செய்யிறது?

"கதிரைகளும் நிண்டுதானே போச்சு?" எண்டு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தண்டவாளத்தில் பனி குவிந்தால் ரயிலும்தான் நிக்குது. அதே ஸ்கொட்லாந்தின் கிளென்கோவில் இண்டைக்கும் தொங்கு கதிரைதான் ஓடுது. கோடையில் நடைகாரரையும் சைக்கிள்காரரையும் ஏற்றுது. அங்கேயும் காத்து அடிக்கும். அடிச்சால் நிப்பாட்டுவார்கள். விட்டதும் ஓட்டுவார்கள்.

கெயார்ன்கோர்மிலேயே இன்னொரு சரிவு இருக்கு, கொய்ர் நா சிஸ்ட. அங்கே இருந்த இரண்டு தொங்கு கதிரைகளை ஓட்டாமல் விட்டார்கள். துருப்பிடிக்க விட்டார்கள். துருப்பிடிச்சுப் போச்சு எண்டே பிறகு அகற்றினார்கள். திருத்தித் தாங்கோ, நாங்கள் நடத்துறம் எண்டு ஊரவர்கள் ஒரு குழு அமைத்துக் கேட்டும் நடக்கவில்லை. சின்னப் பொறிக்குக் காசில்லை. பெரிய பொறிக்கு எப்பவும் இருக்கு. எந்த நாட்டு அபிவிருத்திக்காரரும் இந்த ஒரு பாடத்தை மட்டும் மறக்கிறதில்லை.

சரி, பனி? அது குறையத்தான் போகுது. 2040களுக்குப் பிறகு கெயார்ன்கோர்மில் பனி நிற்கும் நாட்கள் வேகமாய்க் குறையும் என்று ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனத்தின் ஆய்வு 2019இலேயே சொல்லிவிட்டது. பிரான்சில் செய்யூஸ் என்ற சிறிய பனிமலை நிலையத்தை மூடி, பிறகு அதன் பொறிகளை இறக்கினார்கள். கிழவர்கள் அழுதிருப்பார்கள். ஆனால் மலை மிஞ்சியது. இறக்கக்கூடியதைக் கட்டியிருந்தபடியால் இறக்க முடிந்தது.

ஆகவே தோழருக்கு எங்கள் பதில் இது. "மூடிட்டுப் போகட்டும்" எண்டு சொல்ல நாங்கள் ஆர்? அவிமோரில் விடுதி அறை கூட்டுகிற பெண்ணும், டிக்கெற் கிழிக்கிற பெடியனும், பஸ் ஓட்டுறவரும் பணக்காரர் இல்லை. மூடுறதா, சின்னதாக நடத்துறதா, கோடைக்கு மட்டும் வச்சிருக்கிறதா எண்டதை அவர்கள்தான் தீர்மானிக்க வேணும். பொதுப்பணம் கேட்டு வருகிற முகவரகத்திடம் அவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எத்தினை பேரை ஏற்றும் எண்டது இல்லை. "இதை எப்ப கழற்றுவீங்கள், ஆர்ர காசில?" அதுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு தூணும் ஊன்ற விடக்கூடாது.

அடுத்த கூட்டத்தில் தோழர் திரும்பவும் சிரிச்சால், நாங்கள் வாழைக்குலையிலிருந்து தொடங்குவம்.